எப்பாப்பிரோதீத்து: அப்ரோதித்தே ஒட்டிய பெயரைப் பவுல் ஏன் மாற்றவில்லை?

பிப்ரவரி 4, ஒரு வாசகரின் கேள்வி

"பிலிப்பியர் நிருபத்தில் வரும் எப்பாப்பிரோதீத்து என்ற பெயருக்குள் கிரேக்கத் தேவதை ஒன்றின் பெயர் இருக்கிறதாமே, உண்மையா? உண்மையானால் பவுல் ஏன் அதை மாற்றவில்லை? எங்கள் சபையில் செந்தில் என்ற பையனிடம், பெயரை மாற்றினால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் இப்போது ஆராதனைக்கே வருவதில்லை."

பிப்ரவரி 4, இரவு

உண்மைதான். ஒளிக்க வழியே இல்லாத அளவுக்கு உண்மை. பிலிப்பிச் சபை பவுலுக்குக் காணிக்கை கொடுத்து அனுப்பிய ஆள் இவர். பெயரைக் கிரேக்கத்தில் பிரித்துப் பாருங்கள்: முன்னே 'எபி', பின்னே 'அப்ரோதித்தே', ஆண்பால் விகுதி 'ஓஸ்'. எபப்ரோதித்தோஸ். அப்ரோதித்தேயின் தயவு பெற்றவன் என்பது வேர்ப்பொருள். அன்றாடப் பேச்சில் அது வசீகரமானவன், பார்த்தாலே பிடித்துப்போகிறவன் என்று தேய்ந்துபோயிருந்தது. கிரேக்கர்களின் காதல் தேவதை அவள்; ரோமர்கள் அவளை வீனஸ் என்றார்கள். பிள்ளையில்லாமல் வேண்டிக்கொண்டோ, பிறந்த பிள்ளை அழகாக இருந்ததாலோ, தாத்தா பெயர் என்றோ வைத்திருப்பார்கள். எப்படி வைத்திருந்தாலும் வைத்தவர்கள் அந்தத் தேவதையைக் கும்பிட்ட குடும்பம் என்பதில் சந்தேகம் வேண்டாம். யூத வீட்டில் இந்தப் பெயரை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

பவுல் இந்தப் பெயரை இரண்டு இடத்தில் எழுதுகிறார்: பிலிப்பியர் 2:25, 4:18. இரண்டிலும் முழுப் பெயர். சுருக்கவில்லை, மழுப்பவில்லை, 'முன்பு இப்படி அழைக்கப்பட்ட' என்று ஒட்டுப்போடவில்லை. நிருபத்தைச் சபையில் எல்லாரும் கேட்க உரக்க வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அந்தப் பையன் விஷயத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

இது தனி ஆள் கதை என்றால், பவுல் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று சொல்லிவிடலாம். ஆனால் புதிய ஏற்பாட்டின் வாழ்த்துப் பட்டியல்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாம் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதிகள் அவை.

அப்பொல்லோ: அப்பொல்லோன் தேவனின் பெயரிலிருந்து வந்தது. பெபேயாள்: பழைய தைத்தான் தேவதை ஒருத்தியின் பெயர், வேட்டைத் தேவதை அர்த்தெமிசுக்கும் அடைமொழி. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் எர்மே என்றொருவர் வருகிறார். அது எர்மேஸ் தேவனின் பெயரேதான், துளி மாற்றமும் இல்லை. அடுத்த வசனத்திலேயே நேரே: கடல் தேவனின் பெயர். கூடவே ஒலிம்பா: தேவர்கள் வாழ்ந்ததாகக் கிரேக்கர்கள் நம்பிய ஒலிம்பு மலையின் பெயர். தீத்துவுக்கு எழுதும்போது அர்த்தெமா (அதே அர்த்தெமிஸ்), தீகிக்கு (தீக்கே என்ற அதிர்ஷ்ட தேவதை), நியாயசாஸ்திரி சேனா (கிரேக்கர்களின் தலைமைத் தேவன் சேயுஸ் தந்தவன் என்ற நீண்ட பெயரின் குறுக்கம்). ஆதென்ஸில் மனந்திரும்பிய தியொனீசியு: திராட்சரசத் தேவன் தியொனீசஸ். மூன்றாம் யோவானில் நற்சாட்சி பெற்ற தேமேத்திரியு: விளைச்சல் தேவதை தெமேத்தர். அதே நிருபத்தில் திட்டு வாங்குகிற தியோத்திரேப்புவின் பெயரோ, சேயுஸால் வளர்க்கப்பட்டவன் என்று பொருள்படும். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் பெயரிலும் பழைய தெய்வம் உண்டு. ஒருவரை யோவான் பாராட்டுகிறார், மற்றவரைக் கண்டிக்கிறார். காரணம் இருவரின் நடத்தை. பெயரை எங்கும் இழுக்கவில்லை.

இதில் பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனது அவள்தான் என்பது பலருடைய கருத்து. அப்பொல்லோவோ வேதாகமங்களில் வல்லவன் என்று பேர் வாங்கின யூதன். யூதனுக்கே அப்படியொரு பெயர்! அலெக்சந்திரியாவில் பிறந்தால் அதெல்லாம் சகஜம்.

பிப்ரவரி 5, மாலை

'எப்பாப்பிராவும் இவரும் ஒரே ஆளா' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பெயர் ஒன்றுதான். எப்பாப்பிரா அதன் செல்லச் சுருக்கம். கிரேக்கத்தில் நீண்ட பெயரை வெட்டி 'ஆஸ்' சேர்ப்பது வழக்கம்; மேலே சொன்ன அர்த்தெமா, சேனா, ஒலிம்பா எல்லாம் அந்த வகை. ஆனால் ஆள் வேறு. எப்பாப்பிராவைக் கொலோசெயர் 4:12 'உங்களிலொருவன்' என்கிறது. கொலோசே இன்றைய துருக்கியில், பிரிகியா பக்கம். எப்பாப்பிரோதீத்துவை அனுப்பியது மக்கெதோனியாவிலிருந்த பிலிப்பி. நடுவே கடல். அன்றைக்கு இது தெருவுக்கு ஒருவர் வைத்திருந்த பெயர் என்பதால், பவுலுக்கு இதே பெயரில் இரண்டு நண்பர்கள் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 7

இந்தப் பெயர் எவ்வளவு புழங்கியது என்று கேட்டவருக்காக, விவிலியத்துக்கு வெளியே கொஞ்சம் போய்வருவோம்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமைக் கைப்பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி சுல்லா, தன் பெயரோடு 'பெலிக்ஸ்' என்று சேர்த்துக்கொண்டார். லத்தீனில் அதிர்ஷ்டசாலி என்று பொருள். கிரேக்கர்களுக்குக் கடிதம் எழுதும்போது அதையே 'எபப்ரோதித்தோஸ்' என்று போட்டுக்கொண்டார். தன் ஊர்ப்பக்கம் நின்ற சுல்லாவின் வெற்றிச் சின்னங்களிலும் அப்படித்தான் பொறித்திருந்தது என்கிறார் கிரேக்க ஊரான கைரோனேயாவைச் சேர்ந்த எழுத்தாளர் ப்ளூட்டார்க். ஆக அழகன் என்பதோடு 'அதிர்ஷ்டக்காரன்' என்ற பொருளும் இந்தப் பெயருக்கு ஏறிவிட்டது.

சர்வாதிகாரி வைத்துக்கொண்ட அதே பெயரை, ரோமப் பணக்காரர்கள் தங்கள் அடிமைகளுக்கும் வைத்தார்கள். நீரோவின் அந்தரங்கச் செயலாளர் ஒரு எபப்ரோதித்தோஸ். விடுதலை பெற்ற அடிமை. கி.பி. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்டபோது கத்தியை அழுத்த உதவியவர் இவர்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பிற்பாடு வந்த இராயன் தொமித்தியன் இவரைக் கொன்றுபோட்டார். தத்துவஞானி எபிக்தேத்தஸ் இவருடைய அடிமையாகத்தான் இருந்தார். தன் பழைய எஜமானைப் பற்றி அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. பெலிசியோ என்றொரு செருப்புத் தைக்கும் அடிமை. உருப்படமாட்டான் என்று எஜமான் விற்றுவிட்டார். வாங்கியது இராயனின் அரண்மனை ஆள். பெலிசியோ அரண்மனைச் செருப்புத் தொழிலாளியானதும், அதே எஜமான் 'நம்ம பெலிசியோ எப்படி இருக்கிறார்' என்று ஓடி ஓடி விசாரித்தாராம். பெலிசியோவும் பெலிக்ஸிலிருந்து வந்த பெயர்தான். இரண்டு 'அதிர்ஷ்டக்காரர்கள்', விற்றவரும் விற்கப்பட்டவரும்.

யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் தன் பிற்கால நூல்களைக் காணிக்கையாக்கியதும் ஒரு எபப்ரோதித்தோசுக்கே. கைரோனேயா ஊர் இலக்கணப் பண்டிதர் ஒருவருக்கும் அதே பெயர். ரோமில் 30,000 புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்தார் என்று பழைய பைசாந்திய அகராதி சொல்கிறது. ஜோசிபஸ் சொல்வது இவரையா நீரோவின் ஆளையா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

'இராயனுடைய அரமனையிலுள்ளவர்கள்' என்று பிலிப்பியர் 4:22 சொல்வதைப் பிடித்துக்கொண்டு, நீரோவின் செயலாளரும் பவுலின் நண்பரும் ஒருவரே என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் நம் ஆள் பிலிப்பியிலிருந்து பணம் சுமந்து வந்தவர். ஒட்டாது.

பிப்ரவரி 8

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நாள் முழுக்க இதே நினைப்பு.

ரோமர்களின் சூதாட்டத்தில் ஆட்டின் கணுக்கால் எலும்புகள் நான்கை உருட்டுவார்கள். ஒவ்வொன்றும் நான்கு பக்கமாக விழும். பக்கங்களுக்கு 1, 3, 4, 6 என்று மதிப்பு. நான்கு எலும்பும் நான்கு வேறு பக்கமாக விழுந்தால் அதுதான் உச்ச ஆட்டம். அதன் பெயர் 'வீனஸ்'. கிரேக்கரிடம் அது அப்ரோதித்தே. படுமோசமான ஆட்டத்துக்கு 'நாய்' என்று பெயர். அகஸ்து இராயன் திபேரியுவுக்கு எழுதிய கடிதம் ஒன்றை வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எடுத்துக் காட்டுகிறார்: நாயோ (அதாவது ஒன்று) ஆறோ விழுந்த ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு தெனாரியு (வெள்ளிக் காசு) நடுவில் போட வேண்டும், வீனஸ் விழுந்தவன் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வான்.

இப்போது பிலிப்பி ஊரை நினையுங்கள். கி.மு. 42இல் அந்தோனியும் ஒக்தாவியனும் புருட்டஸை முறியடித்த போர்க்களம். பின்பு ஓய்வுபெற்ற போர்ச்சேவகர்களைக் குடியேற்றிய ரோமக் குடியேற்றம். சேவகர் பாளையத்தில் எலும்பு உருளாத நாள் இருந்திருக்குமா? அங்கேயிருந்து வந்தவர் பெயர் எபப்ரோதித்தோஸ். அவரைப் பற்றி பவுல் 2:30இல் போடுகிற வினைச்சொல் 'பராபொலியூசமெனோஸ்'. உயிரைப் பணயம் வைத்தான் என்று பொருள். அப்ரோதித்தேயின் ஆள் தன் உயிரையே ஆட்டத்தில் வைத்துவிட்டான் என்று பவுல் பெயரை வைத்து விளையாடுகிறார் என்பது சில உரைகாரர்களின் ஊகம்.

பவுலுக்கு இந்தப் பழக்கம் உண்டு. பிலேமோன் நிருபத்தில் ஒநேசிமு என்ற பெயரின் பொருளே 'பிரயோஜனமுள்ளவன்'. முன்னே பிரயோஜனமில்லாதவன், இப்பொழுதோ பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். கேட்டவர்கள் கட்டாயம் சிரித்திருப்பார்கள்.

பிப்ரவரி 9

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், 'தமிழ் வேதாகமத்தில் பணயம் என்று இல்லையே, தன் பிராணனையும் எண்ணாமல் என்றுதானே இருக்கிறது' என்கிறார். சரியாகப் பிடித்தார்.

கையெழுத்துப் பிரதிகளில் இங்கே இரண்டு வடிவம் உண்டு. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். சினாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற பழையவற்றில் 'பராபொலியூ...'. பிற்காலத்துப் பைசாந்தியப் பிரதிகளில் நடுவே உப்சிலோன் என்ற கிரேக்க எழுத்து சேர்ந்து 'பராபூலியூ...' ஆகிவிட்டது. முதலாவது, பணயம் வைப்பது. இரண்டாவது, உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது. நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டாவது வடிவத்தைப் பின்பற்றியது. படியெடுத்தவர்களுக்கு முதல் சொல் பழக்கமில்லாததால் தெரிந்த சொல்லாக மாற்றியிருப்பார்கள் என்பதுதான் பெரும்பாலானோர் கருத்து. நெடுங்காலம் அந்த அபூர்வ வினைச்சொல்லுக்கு வேறு சாட்சியே இல்லாமல் இருந்தது. பிற்பாடு கருங்கடல் கரையில் ஒல்பியா என்ற பழைய கிரேக்க ஊரின் கல்வெட்டு ஒன்றில் அதே சொல் கிடைத்தது. ஊருக்காக ஆபத்துகளில் இறங்கிய குடிமகன் ஒருவரைப் பாராட்டிப் பொறித்த கல் அது.

அதனால் 'உயிரைப் பணயம் வைத்தான்' என்பது உறுதி. 'சூதாடினான்' என்பது வேறு. அதற்குத்தான் நான் அவ்வளவு உறுதி கொடுக்கமாட்டேன். பகடை உருட்டுவதற்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் இருக்கிறது, அதைப் பவுல் எடுக்கவில்லை. இதே குடும்பத்தில் 'பராபொலோன்' என்றொரு சொல் உண்டு: மேல்முறையீடு செய்கிறவன் நீதிமன்றத்தில் கட்டும் பணம், தோற்றால் திரும்பி வராது. ஆகவே பகடைக் கதையை ரசிக்கலாம். பிரசங்கத்தில் முடிந்த முடிவாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. அலெக்சந்திரியாவில் நோயாளிகளைக் கவனித்த 'பரபலானி' என்ற கூட்டத்தின் பெயரும் இந்தச் சொல்லிலிருந்தே வந்தது என்று பலர் சொல்கிறார்கள். கொள்ளைநோய்க்காரனைத் தொட்டுத் தூக்குவது உயிரைப் பணயம் வைப்பதுதானே. ஆனால் அவர்கள் பிற்பாடு பேராயரின் அடியாட்களைப் போலத் தெருவில் இறங்கியதால், 416இல் இராயன் ஆணையிட்டு எண்ணிக்கையை 500ஆகக் கட்டுப்படுத்தினான்; 418இல் 600ஆகத் தளர்த்தினான்.

பிப்ரவரி 11

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: 'சவுல் பவுலாக மாறவில்லையா? மனந்திரும்பினால் பெயர் மாற வேண்டும் என்பதற்கு அதுவே ஆதாரம்.'

அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து பாருங்கள். தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி பிரகாசித்தது 9ஆம் அதிகாரம். அனனியா வந்து கையை வைத்து 'சகோதரனாகிய சவுலே' என்கிறான். ஞானஸ்நானம் ஆகிறது. அதற்குப் பிறகும் சவுல்தான். அந்தியோகியாவில் சவுல், எருசலேமில் சவுல், ஊழியத்துக்குப் பிரித்தெடுக்கும்போது பரிசுத்த ஆவியானவர் சொல்வதும் 'பர்னபாவையும் சவுலையும்'. 13:9இல் சீப்புருதீவில், செர்கியுபவுல் என்ற அதிபதியின் முன்னால் நிற்கும்போதுதான் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வருகிறது. இரண்டு பெயரும் அவருக்கு முன்பே இருந்தவை: வீட்டில் எபிரெயப் பெயர், ரோமக் குடிமகனுக்கு லத்தீன் பெயர். புறஜாதியாரிடம் போகும்போது அவர்களுக்குப் பழகிய பெயரை எடுத்துக்கொண்டார். எதிர்த்திசையில் நடந்த மாற்றம் அது: வேதத்தில் ஒரு ராஜாவுக்கு இருந்த பெயரை வைத்துவிட்டு, ரோமர் வைக்கும் சாதாரணப் பெயரைப் பிடித்துக்கொண்டார்.

ஆபிராம், சாராய், யாக்கோபு, சீமோன் பேதுரு? அவர்களுக்கெல்லாம் பெயர் கொடுத்தது தேவனோ இயேசுவோ. அழைப்பின் அடையாளமாகக் கொடுத்தது. 'நீ பேதுரு' என்ற பிறகும் கெத்செமனேயில் 'சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா' என்றுதான் இயேசு கேட்கிறார்.

பழைய ஏற்பாட்டிலும் பாருங்கள். மொர்தெகாய் என்ற பெயரில் பாபிலோனின் மர்தூக் தேவன் ஒட்டியிருக்கிறான். அந்த மொர்தெகாய்தான் ஆமானுக்கு முன் குனியாமல் நின்றார்.

பிப்ரவரி 12

சுருக்கமாக ஒன்று, இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்கலாம்.

புறஜாதியார் சபைக்குள் வரும்போது எதை விட வேண்டும் என்று அப்போஸ்தலர் உட்கார்ந்து பேசி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அப்போஸ்தலர் 15. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். நான்கே விஷயம். கடிதம் வாங்கிய அந்தியோகியாச் சபையில் தெய்வப்பெயர் வைத்திருந்த கிரேக்கர்கள் இருந்திருக்க மாட்டார்களா? படைத்த இறைச்சிக்குத் தடை போட்டவர்கள், தெய்வத்தின் பெயரே ஒட்டிய ஆளின் பெயருக்குத் தடை போடவில்லை. அவர்கள் சுமத்தாத பாரத்தை நாம் செந்தில் தலையில் சுமத்துகிறோம்.

பிப்ரவரி 14

மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். இல்லையென்றால் மனசாட்சியோடு பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கு அநியாயம் செய்கிறேன்.

கி.பி. 310 வாக்கில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் எகிப்தியக் கிறிஸ்தவர்கள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். சுரங்கத்தில் தண்டனை அனுபவித்த சகோதரர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அதிபதி பிர்மிலியன் விசாரித்தான். பெயர் என்ன? எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல். விக்கிரகங்களின் பெயராகப் பெற்றோர் வைத்ததை விட்டுவிட்டு, தீர்க்கதரிசிகளின் பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அதே ஊர்க்காரரான சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். எந்த ஊர்? எருசலேம் என்றான் ஒருவன். பரம எருசலேமைச் சொன்னான். ரோமர்கள் அந்த நகரத்தை அப்போது ஏலியா என்றே அழைத்ததால், பிர்மிலியனுக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை. கிறிஸ்தவர்கள் எங்கோ ரகசியமாக ஒரு பட்டணம் கட்டிவிட்டார்களோ என்று நினைத்து, அது எங்கே இருக்கிறது என்று சித்திரவதை செய்து கேட்டான். ஐந்து பேருக்கும் சிரச்சேதம்.

இந்தப் பகுதியை என்னால் வேகமாகப் படித்துப் போக முடிவதில்லை. அந்தப் பெயர்கள் அவர்களுக்கு உயிரைவிடப் பெரியவை. யாரும் நிபந்தனை போட்டு வாங்கிய பெயர்கள் அல்ல, தாங்களே விரும்பி எடுத்தவை.

அதற்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டிலேயே, விசுவாசிகளின் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்று பெயர் வைப்பது பெருகிவிட்டது. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் யோவான் கிறிசொஸ்தோம் பிரசங்கத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்கிறார்: பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி, எது கடைசிவரை அணையாமல் எரிகிறதோ அந்தப் பெயரை வைப்பார்களாம், நீண்ட ஆயுசு கிடைக்கும் என்று. இதையெல்லாம் விட்டுவிட்டு பரிசுத்தவான்களின் பெயரை வையுங்கள் என்கிறார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பெற்றோருக்குச் சொன்ன அறிவுரை அது, வளர்ந்தவனுக்குப் போட்ட நிபந்தனை இல்லை.

533இல் மெர்கூரியு என்ற ரோமக் குருவானவர் போப்பாண்டவராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, மெர்குரி என்ற ரோமத் தேவனின் பெயரோடு அந்த ஆசனத்தில் உட்காரத் தயங்கி இரண்டாம் யோவான் ஆனார். அதுவரை குருவானவராக இருந்த காலமெல்லாம் மெர்கூரியுவாகவே பலிபீடத்தில் நின்றிருக்கிறார்.

பிப்ரவரி 15

'கிரேக்கத்தை விடுங்கள், நம் ஊரில் என்ன செய்தார்கள்?' என்று கேட்டவருக்கு.

இரண்டு விதமும் நடந்திருக்கிறது, இரண்டும் மரியாதைக்குரியவை. நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். 'தேவன் உதவினார்' என்பதே எபிரெயத்தில் அந்தப் பெயரின் பொருள். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நெல்லை கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்று முன்னால் சேர்த்துக்கொண்டார், ஆனால் கிருஷ்ண பிள்ளை போகவில்லை. இரட்சணிய யாத்திரிகத்தை எழுதிய கைக்கு அந்தப் பெயர் ஒரு தடையும் செய்யவில்லை.

எங்கள் தாத்தா சுடலைமுத்து. ஞானஸ்நானப் பதிவேட்டில் சாமுவேல். வயலில், சந்தையில், கல்யாண வீட்டில் எல்லாருக்கும் அவர் சுடலைமுத்துதான். சாமுவேல் என்று யாராவது கூப்பிட்டால் பத்திரம் எழுத வந்தவரோ என்று திரும்பிப் பார்ப்பார். காலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பதற்கு எந்தப் பெயரும் அவருக்குக் குறுக்கே வந்ததில்லை. பாட்டி கடைசிவரை அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை என்பதால் அவளுக்கு இந்தப் பிரச்சினையே எழவில்லை.

பிப்ரவரி 18

பெயரைப் பற்றியே பேசி ஆளை விட்டுவிடக்கூடாது. 2:25 முதல் 30 வரை ஆறு வசனம்தான், ஆனால் இவ்வளவு நெருக்கமாகப் பவுல் வெகு சிலரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

வந்தவர் காணிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை, கூடவே இருந்து பணிவிடை செய்தார். வியாதிப்பட்டார், மரணத்துக்குச் சமீபமானார். அந்தச் செய்தி பிலிப்பிக்குப் போய்விட்டது. இனி வருகிறதுதான் எனக்கு நெஞ்சைத் தொடுவது: தான் வியாதியாயிருந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, ஊரில் உள்ளவர்கள் அதைக் கேள்விப்பட்டு வருத்தப்படுவார்களே என்று தவித்தார். வெளியூரில் காய்ச்சலில் கிடக்கும்போது 'அம்மாவிடம் சொல்லிவிடாதே' என்று நண்பனிடம் சொல்கிற பிள்ளையின் மனசு அது. அந்தத் தவிப்புக்குப் பவுல் எழுதும் கிரேக்கச் சொல், கெத்செமனேயில் இயேசு வியாகுலப்படத் தொடங்கினார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதும் அதே சொல்.

பவுல் ஐந்து அடைமொழி கொடுக்கிறார்: என் சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன், உங்கள் ஸ்தானாபதி, என் குறைச்சலில் உதவினவன். சேவகர் ஊரில் 'உடன்சேவகன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும்! ஸ்தானாபதி என்று நம் வேதாகமம் சொல்வது மூலத்தில் 'அப்போஸ்தொலோஸ்'. பன்னிருவருக்கும் தனக்கும் பயன்படுத்துகிற சொல்லை, சபை அனுப்பிய தூதுவன் என்ற பொருளில் இவருக்கும் கொடுக்கிறார்.

கொஞ்சம் யோசித்தால், இவரை அனுப்பிவிடுவதற்குப் பவுல் பரிந்துபேச வேண்டியிருந்திருக்கிறது. 'பணிவிடை செய்யப் போனவன் பாதியில் வந்துவிட்டான்' என்று ஊர் பேசும் அல்லவா? அதனால்தான் முழுச் சந்தோஷத்தோடே ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்று அழுத்திச் சொல்கிறார். நிருபத்தைக் கையில் கொடுத்து அனுப்பியதும் பெரும்பாலும் இவரிடமே. அப்படியானால் தன்னைப் பற்றிய இந்த வரிகளைச் சபையில் வாசிக்கும்போது அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருப்பார்.

பிப்ரவரி 19

'அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் வேறு இருந்திருக்கலாம், பவுல் பழைய பெயரை எழுதியிருக்கலாம்' என்று ஒருவர். அப்படியானால் பெபேயாளுக்கும் அப்பொல்லோவுக்கும் எர்மேவுக்கும் நேரேவுக்கும் தியொனீசியுவுக்கும் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஒருவருடையதும் எங்கும் பதிவாகவில்லை. இல்லாததை வைத்து ஒரு பையனை வாசலில் நிறுத்தக்கூடாது.

பிப்ரவரி 23

கேள்வி கேட்ட வாசகருக்கு: போதகரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ரோமர் 16, அப்போஸ்தலர் 15, பிலிப்பியர் 2 மூன்றையும் எடுத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள். செந்தில் தானாகவே வேறு பெயர் வேண்டும் என்றால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் அவன் வீட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேதபாடம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு, நிறையப் பேர் இந்தப் பெயரில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள் என்பதால்: எப்பாப் – பிரோ – தீத்து என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அழுத்தம் 'ரோ'வில் விழும். முதல் நாள் இரவே வீட்டில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.